கடலில் பஞ்சு போட்டவர்கள்

பர்ன்லி வாரத்தில் நெல்லி கிரிம்ஷாவின் விடுதி வீட்டில் அறை கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஜூலையில் அந்த ஒரு வாரம், வட இங்கிலாந்தில் பர்ன்லியில் இருக்கிற நெசவு மில்லெல்லாம் மூடிவிடும். தெருத் தெருவாக ஜனங்கள் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்கு வந்து இறங்குவார்கள். ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் இங்கே வந்தும் பக்கத்துப் பக்கத்துச் சாய்வு நாற்காலியில்தான் உட்காருவார்கள். கிளம்பும்போதே அடுத்த வருஷத்துக்கும் அதே அறையைச் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள்.

புது ராஜாவுக்கு முடிசூட்டின அந்த வருஷம், வழக்கமாக வருகிற ஒருவர் மூட்டு வலி என்று வரவில்லை. மாடியில் பின்பக்கத்துச் சின்ன அறை காலியாகக் கிடந்தது. அந்த அறைக்குத்தான் ஆப்ரி பெல் வந்து சேர்ந்தான்.

மீசை சரியாக முளைக்காத முகம், லண்டன் பேச்சு. "தொப்பி வியாபாரம்" என்றான். நெல்லி அவன் தலையைப் பார்த்தாள். அங்கே இருந்த தொப்பியைக் காசு கொடுத்து யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். சரி, நமக்கென்ன என்று சாவியைக் கொடுத்தாள்.

நமக்கென்ன என்று விட முடியவில்லை. அவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மிசஸ் கிரிம்ஷா, காலையில எல்லாரும் கடலோரமா அந்த இரும்புக் கோபுரத்துப் பக்கம் நடக்கறாங்க. சாயங்காலம் அதே ஜனங்க எதிர்ப்பக்கம் நடக்கறாங்க. ஏன்?"

"எனக்கென்னப்பா தெரியும்? நடக்கறாங்க."

"ஊர்ப் பேரு உள்ள எழுத்தா ஓடுற அந்த இனிப்புக் குச்சியை இங்க யாருமே தின்ன மாட்டேங்கறாங்க. வாங்கிப் பெட்டியில வெக்கறாங்க. ஊருக்குப் போய்த்தான் தின்பாங்களா?"

நெல்லி உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்தினாள். இருபது வருஷமாக இந்த வீட்டை நடத்துகிறாள். புருஷன் போன பிறகு தனியாகவே நடத்துகிறாள். ஒருவரும் அந்தக் குச்சியை இங்கே தின்று அவள் பார்த்ததில்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அன்று மத்தியானம் மளிகைக் கடைக்குப் போனவள், வழியில் நின்று ஜனங்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்கப் போன சர்க்கரையை மறந்து வீட்டுக்குத் திரும்பினாள்.

தங்கியிருந்தவர்களுக்கும் அவன்மேல் கண் இருந்தது. ஏடா கிளெக் இருந்தாள். பதிமூன்று வயசில் மில்லுக்குப் போனவள், நாக்கு அரிவாள்மணை மாதிரி. அவள் புருஷன் வில்ஃப், பேசினால் பல் கொட்டிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி இருப்பார். அதே மில்லில் நெய்கிற சேத் ஆக்டன், கல்யாணமாகாதவன், வாயைத் திறந்தால் வம்பு. தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் மில்லுக்காரர்களுக்கு உதட்டை அசைத்தே பேசத் தெரியும். காலை உணவு மேஜையில் ஆப்ரி உட்கார்ந்திருக்க, அவன் தலைக்கு மேலேயே பேச்சு நடந்தது.

ஏடாவின் உதடு சொன்னது: "முதலாளி அனுப்பின ஆளு. யூனியன்ல யாரு இருக்கான்னு பார்க்க வந்திருக்கான்."

சேத்தின் உதடு சொன்னது: "இல்ல. எவனோ பொண்டாட்டியை வேவு பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கான். விவாகரத்துக் கேஸ்."

"யாரு பொண்டாட்டியை?"

"வேற யாரு? உங்களைத்தான்."

ஏடா சத்தமாகவே சிரித்துவிட்டாள். ஆப்ரி நிமிர்ந்து பார்த்தான். கல்யாணத்துக்கு முன் நெல்லியும் தறியில் நின்றவள். முழுப் பேச்சும் புரிந்து, தேநீர்க் கெண்டியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் பொறுத்தாள் ஏடா. மூன்றாம் நாள், அவன் வில்ஃபிடம் "கடல்ல இறங்கும்போது ஏன் காலுறையை மட்டும் கழட்டிட்டு கோட்டைக் கழட்ட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டபோது கரண்டியை மேஜையில் வைத்தாள்.

"தம்பி, போதும். நீ தொப்பி விக்கறவன்னா நான் ராணியம்மா. யாருன்னு இப்பச் சொல்லு. இல்லேன்னா நீ வாங்கிக் கொடுத்த மாட்டுக்கறியை நெல்லி அக்கா சமைச்சுத் தர மாட்டா."

ஆப்ரியின் காது சிவந்தது. பொய் சொல்லத் தெரியாதவன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவனும் காலேஜ் சிநேகிதர்கள் சிலரும் சேர்ந்து ஒரு வேலை எடுத்திருக்கிறார்களாம். படித்த மேதாவிகள் தூர தேசத்துத் தீவுகளுக்கெல்லாம் போய் அங்கே உள்ளவர்களின் பழக்க வழக்கத்தை எழுதுகிறார்கள்; ஆனால் சொந்த நாட்டு ஜனங்கள் விடுமுறைக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தானாம்.

"அப்ப நாங்க காட்டுவாசிங்களா?" என்றாள் ஏடா.

"ஐயோ, இல்லம்மா! லட்சக்கணக்கான பேர் வர்ற இடம். இதுல ஏதோ பெரிசா இருக்கு. எங்க வீட்டுல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. எங்க அம்மா பிளாக்பூல் பேரையே வாயில எடுக்க மாட்டாங்க. இரைச்சல், எண்ணெய் நாத்தம்னு சொல்வாங்க."

நெல்லிக்குச் சுருக்கென்றது. "அவங்க லீவுக்கு எங்க போவாங்க?"

"கார்ன்வால்ல ஒரு குடிசை வீடு இருக்கு. சுத்துவட்டாரத்துல ஒரு ஆள் இருக்காது."

"ஒரு ஆள்கூடவா?" ஏடாவுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. "பாவம்."

சேத்தின் உதடு மட்டும் ஏடாவைப் பார்த்து அசைந்தது: "இவனை என்கிட்ட விடுங்க."

அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டான். முன்னறையில் எல்லோரும் இருக்கும்போது பெருமூச்சு விட்டான். "தம்பி இவ்வளவு தூரம் வந்து, முக்கியமானதைப் பார்க்காமப் போயிடுவாரு போலிருக்கே. நாளைக்குப் புதன்கிழமையாச்சே."

"புதன்கிழமை என்ன?"

"பஞ்சு போடறது."

நெல்லி வாயைத் திறந்தாள். சேத் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"மில்லுல வேலை செய்யறவன் என்னதான் குளிச்சாலும், கோட்டு மடிப்புல, பாக்கெட் மூலையில பஞ்சுத்தூசி கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் அதைத் தேடி எடுத்து, உருண்டையா உருட்டி, இடது கையால தோளுக்குப் பின்னால கடல்ல போடணும். போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது."

ஆப்ரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "போடும்போது ஏதாவது சொல்வீங்களா?"

சேத் இதை யோசித்து வைக்கவில்லை. திருதிருவென்று விழித்தான். அப்போதுதான், வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசாத வில்ஃப், செய்தித்தாளை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "'போ, நீயும் ஒரு முழுக்குப் போடு'ன்னு சொல்லணும்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் மறுபடியும் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

"நானும் கூட வரலாமா?" என்றான் ஆப்ரி.

வேடிக்கை அந்த இடத்தில் கழுத்துக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். புதன்கிழமை சாயங்காலம், சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். "அக்காவும்தான் வருஷா வருஷம் வருவாங்க" என்று சேத் நெல்லியையும் இழுத்துவிட்டான். சீசன் நேரத்தில் அவள் மணலில் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மூன்று தெரு தள்ளித்தான் கடல். ஆனால் அடுப்பும் விரிப்பும் பாத்திரமும் விட்டால்தானே.

கடற்கரையில் ஊர் திரண்டு கிடந்தது. பிள்ளைகளைச் சுமந்த கழுதைகள் மணி குலுக்கிக்கொண்டு போயின. அவித்த கடல்நத்தை விற்கிறவன் கத்தினான். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, பெரிய மனிதர்கள் கணுக்கால் தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். இவர்கள் ஏன் கோட்டைக் கழற்றுவதில்லை? நெல்லிக்குத் தன் தலைக்குள் ஆப்ரியின் குரல் கேட்டது.

முதலில் சேத் போட்டான், ஒரு கல்யாண வீட்டுப் பாதிரியார் கணக்காக முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு வில்ஃப். பக்கத்தில் விரிப்புப் போட்டிருந்த பர்ன்லிக்காரக் குடும்பம் ஒன்று என்ன என்று கேட்டது. "என்னங்க, உங்க தெருவுல போடறதில்லையா?" என்று சேத் ஆச்சரியப்பட்டான். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "போடுவோம், போடுவோம்" என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டைத் துழாவ ஆரம்பித்தார்கள்.

ஏடாவின் முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவுக்கும் மட்டும் போடுகிற கோட்டு அது. அதில் ஒன்றும் இருக்காது என்றுதான் அவள் நினைத்தாள். பாக்கெட் ஓரத் தையலில் விரலை விட்டவள் எடுத்துப் பார்த்தாள். ஒரு சிட்டிகைப் பஞ்சு, சாம்பல் நிறத்தில்.

"இதுல எப்படி வந்துச்சு?" என்றாள், யாரிடமும் இல்லாமல். "இதைப் போட்டுக்கிட்டு நான் மில்லு வாசல்ல நின்னதுகூடக் கிடையாதே."

உருட்டினாள். ரொம்ப நேரம் உருட்டினாள். சேத் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஏடா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையை வீசினாள். "போ. நீயும் ஒரு முழுக்குப் போடு." திரும்பிப் பார்க்காமல் நேராக மணலில் நடந்தாள். வில்ஃப் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான ஜோடி எல்லோரும் பார்க்கக் கைகோத்து நடந்தது அவர்கள் தெருவுக்கே புதுசு.

வீட்டுக்கு வரும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஆப்ரி கிளம்பும்போது நெல்லிக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள். "தம்பி, அந்தப் பஞ்சு சமாச்சாரம். அப்படி ஒண்ணும் கிடையாது. சேத் விட்ட கதை."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. "லண்டனுக்கு எழுதி அனுப்பிட்டேனே. அங்க எல்லாரும் பிரமாதம்னு சொன்னாங்களே." பெட்டியைத் திரும்பத் தூக்கினான். "சரி, கதைதான். ஆனா அந்த அம்மா கண்ணுல தண்ணி வந்துச்சே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அது கதை இல்ல."

"அப்ப நான் எதை எழுதறது, மிசஸ் கிரிம்ஷா?"

நெல்லி அவனை ரயிலுக்கு அனுப்பிவிட்டு மாடி ஏறினாள். அடுத்த ரயிலில் வேறு ஊர் ஜனங்கள் வந்து இறங்குவார்கள், விரிப்பெல்லாம் மாற்றவேண்டும்.

வருஷம் திரும்பியது. மூட்டு வலிக்காரர் இனிமேல் வரப்போவதில்லை என்று தெரிந்ததும், பின்பக்கத்து அறையை நெல்லி ஆப்ரிக்கே எடுத்து வைத்தாள். இந்தத் தடவை தொப்பி வியாபாரம் என்று சொல்லவில்லை. போன வருஷம் எழுதினதைத் திருத்தவேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றான். அவனைப் பார்த்ததும் சேத்துக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. "தப்பா நெனச்சுக்காதே தம்பி, சும்மா தமாஷுக்கு" என்று ஒரு குவளை பீர் வாங்கிக் கொடுத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் கடலோரம் போகலாம் என்று முதலில் சொன்னவள் ஏடா. எதற்கு என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நெல்லி தானாகவே ஏப்ரனைக் கழற்றினாள்.

கடலுக்குள் நீளும் உலாவுப் பாலத்துக்குத் தெற்கே மணலில் கூட்டம் தெரிந்தது. கிட்டே போனார்கள். பத்துப் பதினைந்து குடும்பம் இருக்கும், எல்லாம் பர்ன்லி முகம். தண்ணீர் ஓரத்தில் வரிசையாக, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் தன் கோட்டிலிருந்த பஞ்சைப் பிய்த்து, இன்னும் மில்லைப் பார்க்காத குழந்தைக்குப் பங்கு கொடுத்தான்.

சேத் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், பாக்கெட்டிலிருந்து எடுத்ததை ஓங்கி வீசினான்.

"ஏய்யா!" விரிப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த பெண்மணி சத்தம் போட்டாள். "வலது கையாலயா போடறது? எந்தத் தெருக்காரன் நீ?"

"அம்மா, இதை ஆரம்பிச்சதே நான்தாம்மா. போன வருஷம். சும்மா விளையாட்டுக்கு."

"போய்யா! எங்க மாமியா காலத்துலேர்ந்து நடக்குது. இவரு ஆரம்பிச்சாராம்!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சேத் திரும்பி ஆப்ரியைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, நீயாவது சொல்லேன். நீதான் சாட்சி. எழுதினவன் நீதானே."

ஆப்ரி அவனைப் பார்த்தான். அந்தப் பெண்மணியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விரிப்பின் அருகே குந்தினான். "உங்க மாமியார் எப்படிச் செய்வாங்கம்மா?"

"அவங்களா? அவங்க பஞ்சுல ஒரு முடிச்சுப் போடுவாங்க. எந்தத் தறிக்காரன் மேல கோபமோ அவன் பேரைச் சொல்லி..." அவள் ஆரம்பித்தாள். கை கால் ஆட்டிச் சொன்னாள். முடிச்சு எத்தனை, மேகமூட்டமான நாளில் என்ன செய்வது, கர்ப்பிணிகள் போடலாமா கூடாதா என்று நீண்டுகொண்டே போனது. அவள் சொல்லச் சொல்லச் சேத்தின் முகம் தன் சட்டையை வேறொருத்தன் போட்டுக்கொண்டு எதிரே வருவதைப் பார்ப்பவன் மாதிரி ஆனது. ஏடா இடுப்பில் கைவைத்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டில் நாலு குடும்பத்துக் கறி அடுப்பேறாமல் கிடந்தது. நெல்லிக்கு அது நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தப் பெண்மணி பொய் சொல்கிறாளா, இல்லை நிஜமாகவே அவள் மாமியாருக்கு ஏதோ ஒன்று இருந்ததா? சேத்துக்கே தெரியாமல் அவன் வாயில் வந்தது, எங்கோ கேட்டு மறந்ததாக இருக்குமோ? அதைத் தெரிந்துகொள்ளாமல் நகர அவளுக்குக் கால் வரவில்லை.

"உங்க மாமியாருக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

பெண்மணி விரிப்பில் நகர்ந்து இடம் விட்டாள். "மொதல்ல உக்காருங்கக்கா. நின்னுக்கிட்டே கேக்கற சமாச்சாரமா இது?"

நெல்லி காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.