நாற்பத்து மூன்றாம் பக்கம்

என் கணவர் ஆதிகேசவனை பஸ் டிரைவர் வேலையை விட்டு நீக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதே பஸ் கம்பெனியின் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து, அம்மையார்குப்பத்துச் சேலை மூட்டைகளுக்கு நான் ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் நகரி போகும் வழியில் பிரேக் பிடிக்காமல் அவர் ஓட்டிய வண்டி புளியமரத்தில் மோதியது. பதினோரு பேருக்குக் காயம். முதல் நாள் மாலையே, "பெடல் உள்ளே போகிறது, பார்க்கவும்" என்று அவர் புகார் நோட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு வந்திருந்தார். அந்த நோட்டு மேனேஜர் வேதாசலத்தின் மேசையைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போகும். விசாரணையில் நோட்டை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு வரி இல்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு என்று பக்க எண்கள் வரிசையாக இருந்தன. "அஜாக்கிரதை" என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு வேறு எந்தக் கம்பெனி அவரைச் சேர்க்கும்? மணவூரில் லாரிக்குச் செங்கல் ஏற்றப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த ஐப்பசியில்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தார். 1987-ல் திருத்தணியில் அது பெரிய சேதி. புரோகிராம் எழுத மெட்ராஸிலிருந்து மனோரமா என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். வந்ததும் ஆபீஸ் சுவரில் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி, என்னையும் மெக்கானிக் குலாம் ரசூல் பாயையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இவங்க எதுக்கும்மா?" என்றார் வேதாசலம். "நான் சொல்றேன், நீ எழுதிக்கோ. இந்த வரலட்சுமி என்ன கேப்பா? மெஷின் காபி போடுமான்னு கேப்பா."

"போட்டா நல்லதுதான் சார். உங்களுக்கு நாலு வேளையும் நான்தானே வாங்கியாறேன்" என்றேன். பாய் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மனோரமா சிரிக்கவில்லை. "திட்டம் போடறது அடுத்த வாரம். இன்னைக்கு யோசனை மட்டும்தான். யார் எது சொன்னாலும், சொன்னபடியே எழுதுவேன். படிச்சுக் காட்டுவேன். சொன்னவங்க கீழே கையெழுத்துப் போடணும், நான் அப்படிச் சொல்லலையேன்னு பின்னால பேச்சு வரக்கூடாது. முக்கியமா, 'முடியாது'ங்கற வார்த்தையை இன்னைக்கு யாரும் சொல்லக்கூடாது. பிடிக்கலைன்னா உங்க யோசனையைச் சொல்லுங்க."

பாய் தொடங்கினார். "எந்த வண்டி எப்ப ஷெட்டுக்கு வரணும்னு அதுவே சொல்லணும் மேடம். இப்ப ஓடிகினே இருக்குது, நின்னாத்தான் எங்கிட்ட வருது."

"அதெல்லாம் முடியாது!" என்றார் வேதாசலம்.

"சார்..." என்று மனோரமா விரலை உயர்த்தினாள். அவர் முகம் சுருங்கியது. அதன் பிறகு பாய் என்ன சொன்னாலும், நான் மூட்டைகளைப் பற்றி என்ன சொன்னாலும், அவர் தொண்டையைக் கனைத்தாரே தவிரப் பேசவில்லை.

"வேற ஏதாவது?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

மூன்று மாதம் மூடியிருந்த வாய் திறந்துகொண்டது. "டிரைவர் எழுதுற புகாரை யாராலயும் அழிக்க முடியக்கூடாது. ஆபீஸாலயும்தான்."

எழுதினாள். படித்தாள். கையெழுத்துப் போட்டேன்.

வேதாசலத்தால் பொறுக்க முடியவில்லை. மறுத்துப் பேசவும் வழியில்லை. எழுந்து நின்றார். "அப்போ நம்ம யோசனையையும் எழுதிக்கோம்மா. பன்னண்டு வருஷமா ஆபீஸ் நடத்தறவன் சொல்றேன். டிரைவருங்க கண்டதையும் கிறுக்குவானுங்க. எல்லாத்தையும் வச்சிகினு இருந்தா ஒரு வண்டி ரோட்டுக்குப் போகாது."

"இப்ப கையால எப்படிச் செய்றீங்க சார்? அதைச் சொன்னாத்தான் மெஷினைச் செய்ய வைக்க முடியும்."

"வேண்டாத தாளை எடுத்துடுவேன். அடுத்த தாளுக்கு அதே நம்பர் போட்டுடுவேன். வரிசை கெடாது பாரு! உன் மெஷின் அந்த நம்பரைத் தானாவே மாத்திக்கணும். முடியுமா உன்னால?"

அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். உரக்கப் படித்தாள். வேதாசலம் கடைசி எழுத்தின் வாலை நீட்டி, கீழே இரண்டு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பாயின் கண்கள் என் பக்கம் திரும்பின. பதினோரு பேரின் ரத்தத்தை என் புருஷன் தலையில் பூசிவிட்டு, அதைத் திறமை என்று மெட்ராஸ்காரியிடம் பீற்றிக்கொள்கிறான் இந்த மனுஷன்!

"சார், ஆடி மாசம் நாப்பத்திமூணுங்கற நம்பரை எத்தனை தாளுக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் பாய்ந்து சுவர்த் தாளின் ஓரத்தைப் பிடித்தார். பாய் குறுக்கே வந்து, கிரீஸ் கையோடு அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

"வேணாம் சார். கிழிச்சே பழகிட்டீங்க."

"டேய், நாளைக்கு உனக்கு வேலை இருக்காது! உனக்கும்தாண்டி! அம்மா, அந்தத் தாளைக் குடு, இல்லன்னா உன் புரோகிராமும் வேணாம், நீயும் வேணாம்."

"வேணாம்னா பரவாயில்ல சார்" என்றாள் மனோரமா, தாளைச் சுவரிலிருந்து உரித்து நிதானமாகச் சுருட்டிக்கொண்டே. "முதலாளிகிட்ட காட்டறேன்னு சொல்லித்தான் இதை ஆரம்பிச்சேன். காட்டிட்டுப் போறேன்." பிறகு என்னிடம், "முதலாளி வீடு எங்க?" என்று கேட்டாள்.

மூவரும் நடந்தோம். முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். விபூதி பூசிய நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா. ஆதியைத் திங்கக்கிழமையிலிருந்து வண்டி எடுக்கச் சொல்லு. வேதாசலத்தை நான் பார்த்துக்கறேன். வெளியில மட்டும் பேச வேணாம்."

என் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. "தப்பு அவர் மேல இல்லன்னு எழுதிக் கொடுங்க."

"இன்னாம்மா, என் வார்த்தை போதாதா?"

"போதாதுங்க. இந்தக் கம்பெனியில எழுதினதே நிக்கலை. வார்த்தை எங்க நிக்கும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அசையவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து கம்பெனி பேர் அச்சிட்ட தாளை எடுத்தார். பேனாவைத் திறப்பதற்குள் மனோரமா தன் கைப்பையிலிருந்து கார்பன் தாளை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு காப்பியா எழுதுங்க சார்."