கதவுக்கு முட்டுக் கொடுத்த கிதார்

ராய்ஸ் டிபெட் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவரிடம் பதினோரு எலெக்ட்ரிக் கிதார்கள் உண்டு. ஈரப்பதம் கூடாமல் குறையாமல் காக்கப்படும் தனி அறையில், அவருடைய மனைவியைவிடச் சௌகரியமாக அவை வசிக்கின்றன. மனிதருக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் பாவம். தெரியும். ஆனால் வாசிப்பதற்கு முன் பேசி முடிக்க வேண்டும், அதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். பள்ளிப் பேருந்து ஓட்டும் நோலீன் கிதார். உருளைக்கிழங்கு பயிரிடும் கிளெம் பேஸ் கிதாரும் பாட்டும். டயர் விற்கும் நான் டிரம்ஸ். அல்வர்ஸ்டோன் பக்கத்தில், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில், ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல் நடக்காத நேரங்களில் வாசிப்போம். குலுக்கலுக்குத்தான் கூட்டம் வருகிறது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

நோலீனின் பழைய கிதார் மீது போன வருடம் கிளெம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஏற்றிவிட்டான். குற்ற உணர்ச்சியில், துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் கிதார் ஒன்றை வாங்கி, தானே செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தான். உடம்பைப் பொருத்தி, தந்தியும் மாட்டிப் பார்த்தான். இடது கையால் பிடிக்கும் நீளமான கழுத்து மட்டும் விறகுக்கட்டை மாதிரி வந்திருந்தது, இழைத்து மெலிதாக்க வேண்டும். ஒரு பக்கம் இழைத்துக்கொண்டிருக்கும்போது கிழங்கு அறுவடை தொடங்கியது. அத்தோடு சரி. காற்றில் அடித்துக்கொள்ளும் அவனுடைய கொட்டகைக் கதவுக்கு அந்தக் கிதார் முட்டுக் கொடுத்து நின்றது.

அந்த இடைவெளியில்தான் டாக்டர் நுழைந்தார். நோலீனின் கையைப் பல் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னக் கைம்மா உனக்கு. சின்னக் கைக்கு மெலிசான கழுத்து. இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது."

அவர் சொன்னபடி பலகைபோல் மெலிந்த கழுத்துடைய கிதாரை அவள் வாங்கினாள். அதிலிருந்து மூன்றாவது பாட்டு வந்தால் இடது கை பிடித்துக்கொள்ளும். நனைந்த பூனை காலை உதறுவதுபோல் கையை உதறுவாள். பின்னால் உட்கார்ந்து தட்டுகிறவன் நான், எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை கிளப்பின் ஆண்டு நடனம். இடைவெளி இல்லாமல் வாசிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு கிளெமின் கொட்டகையில் ஒத்திகைக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"இன்னைக்கு முழுசா வாசிக்க முடியலன்னா நான் ஒதுங்கிக்கிறேன். டாக்டர் வாசிக்கட்டும்."

குழுவைத் தொடங்கியதே அவள்தான். நானும் கிளெமும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேடிக்கை பார்க்க வந்திருந்த டாக்டர் மட்டும், "சே சே, அந்த நிலைமையே வராதும்மா," என்றார். மேடைக்கென்றே வாங்கியதுபோல் அவர் போட்டிருந்த புதுக் கறுப்புச் சட்டை வேறு கருத்து வைத்திருந்தது.

மூன்றாவது பாட்டில் கை உதறல் வந்துவிட்டது.

"கையில ஒண்ணுமில்ல. குளிர்ல கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. உள்ளே கம்பி இருக்கு, முறுக்கினா நேராயிடும். ரெண்டே நிமிஷம்," என்று டாக்டர் கிதாரை வாங்கி மேசையில் கிடத்தி, பல் பார்க்கும் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டார்.

"மரத்துப்போக ஊசி போடுவீங்களா டாக்டர்?" என்றான் கிளெம்.

டாக்டரின் இரண்டு நிமிடம் எவ்வளவு என்று ஊரில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்குத் தெரியும். ஸி வடிவக் கழுத்து, வி வடிவக் கழுத்து, யு வடிவக் கழுத்து என்று அவர் வகுப்பைத் தொடங்கினார். நோலீன் சும்மா நிற்க மாட்டாமல் போய்க் கதவடியிலிருந்த கிதாரை எடுத்துத் தூசி தட்டினாள். கதவு தடாலென்று அடித்தது. என் பீர் நிறைந்த ஐஸ்பெட்டியைக் கொண்டுபோய் முட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். கலைக்காக நான் செய்த தியாகங்களில் அது பெரியது.

"அதை ஏன் எடுக்குற? கிரிக்கெட் மட்டை மாதிரி இருக்கும்," என்றான் கிளெம்.

"நீ செஞ்சதுதானே. வேற எப்படி இருக்கும்?"

சுருதி சேர்த்து அவள் தொடங்க, நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது. அதற்கடுத்ததில் வழக்கமாகக் கை உதறும் இடம் வந்தது. உதறவில்லை. குச்சி கை நழுவப் பார்த்தது எனக்கு. சொன்னால் கலைந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு தட்டினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். தோள் இறங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பு. போன வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை.

கடைசியில் கிளெம்தான் என் பக்கம் திரும்பினான். "பாட்டு தீர்ந்துபோச்சுடா டெஸ். எல்லாத்தையும் வாசிச்சுட்டோம்."

நோலீன் இடது கையை விரித்துப் பார்த்தாள். மூடினாள். மறுபடி விரித்தாள். "வலிக்கல," என்றாள், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பதுபோல. "பஸ் ஸ்டியரிங்கைப் பிடிச்ச மாதிரி இருக்கு. உள்ளங்கையில வந்து உட்காருது. அந்த மெலிசுல பிடிக்க ஒண்ணுமே இல்லாம நசுக்கிக்கிட்டே இருந்திருக்கேன்."

டாக்டர் அளவுக்கருவியுடன் வந்து கழுத்தைக் கவ்விப் பார்த்தார்.

"சாத்தியமே இல்ல. இருபத்தஞ்சு மில்லிமீட்டர் தடிமன். போதாக்குறைக்கு ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஒல்லி."

"ஒல்லிப் பக்கம் அறுவடைக்கு முன்னாடி செஞ்சது," என்றான் கிளெம்.

டாக்டர் நெற்றி விளக்கை அணைத்து மறுபடி ஏற்றினார். பிறகு தொண்டையைச் செருமினார். "சமச்சீரற்ற கழுத்துன்னு ஒரு வகை உண்டு. ரொம்ப அபூர்வம். நான்கூட அடிக்கடி சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட டாக்டர்?" என்றாள் நோலீன். "வாயில பஞ்சு வெச்சிருந்தவங்ககிட்டயா?"

நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. நோலீன் அந்தக் கிதாரைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லை. கதவு உரசிய பச்சைப் பெயிண்ட் அதன்மேல் அப்படியே இருந்தது. அவள் வாசித்த வாசிப்பில் குலுக்கல் எண்ணைக் கூப்பிட்டும் ஜெயித்தவர் வரவில்லை. ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கறி தட்டோடு காத்திருந்தது. இப்படி ஒரு கௌரவம் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் டாக்டர் மேடையோரம் வந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டதாக நினைத்துக்கொண்டு, கிளெமிடம் கேட்டார்:

"எனக்கும் அதேமாதிரி ஒண்ணு செஞ்சு தருவியா?"

கிளெம் நிஜமாகவே யோசித்தான். "கஷ்டம் டாக்டர். அதே இடம் வரைக்கும் இழைச்சதும் அறுவடை வரணுமே."

கூட்டம் இன்னொன்று, இன்னொன்று என்று கத்தியது. நோலீன் திரும்பி எங்களைப் பார்க்கக்கூட இல்லை, தொடங்கிவிட்டாள். அதன் பிறகு இன்னொன்று. எனக்கு மணிக்கட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. இரண்டு கையையும் உதறினேன்.

"என்னடா டெஸ், கை வலிக்குதா?" என்றாள் அவள், தந்தியிலிருந்து விரலை எடுக்காமலே. "டாக்டர்கிட்ட காட்டேன். மெலிசா ரெண்டு குச்சி எழுதித் தருவாரு."