இரண்டு மேடுகள்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை ஆறவைக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டான். எட்டரைக்கு மருந்துக்கடையைத் திறக்க வேண்டும். ஏழேகாலுக்கு அழைப்பு மணி அடித்தது.

மனைவி இறந்து ஐம்பத்து மூன்று நாள். அவளுடைய ஆய்வுப் பேராசிரியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“கட்டுரை முடிஞ்சதுப்பா. அவ பேருதான் முதல்ல. இறந்தவங்கன்னா வீட்டுச் சம்மதம் கேக்கறாங்க. இங்க ஒரு கையெழுத்து.”

அவன் பக்கங்களைப் புரட்டினான். வானியல் படித்தவனில்லை. ஆனாலும் அந்த வரைபடத்தை மூன்று வருடம் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறான். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு மேகத்திலிருந்து வரும் அலைகளைப் பிரித்தால் அம்மோனியாவின் கோடுகள் மேடு மேடாக எழும். மேட்டின் உயரமும் அகலமும் மேகம் எவ்வளவு குளிர்ந்தது, எவ்வளவு கொந்தளிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அவள் கண்டது ஒட்டி நிற்கும் இரண்டு ஒல்லி மேடுகள். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு மேகங்கள். இரண்டும் மைனஸ் இருநூற்று அறுபத்து மூன்று டிகிரி.

தாளில் ஒரே மேடு இருந்தது. அகலமாக, கொழுத்து. சூடான, கொந்தளிக்கும் ஒரே மேகம் என்று கீழே எழுதியிருந்தது.

“நடுவுல ஒரு பள்ளம் இருக்கணுமே சார்.”

“அது வெறும் கருவி இரைச்சல்ப்பா. லேசா நிரவி விட்டேன். உனக்கெதுக்கு அதெல்லாம்?”

“ரெண்டு பேரு முன்னபின்ன நின்னா எங்க சார் ஒரு குண்டு ஆளுன்னு எழுதுறார்னு அவ சிரிப்பா.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் சமர்ப்பணம் இருந்தது: ‘மேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விடைபெற்ற மாணவிக்கு.’

“இத எப்ப சொன்னா?”

“அது... ஒரு உணர்வுதான். ஆஸ்பத்திரில இருந்தப்ப அவ போனுக்குப் பண்ணேன், நீ எடுக்கலியே.”

அவன் பேனாவை வாங்கினான். அவள் பெயரின் மேல் கோடு போட்டான். தாள் கிழிகிற வரை போட்டான்.

“முட்டாளா நீ? அவ உழைப்புப்பா இது. இருந்திருந்தா இதுக்கு ஒத்துப்பாளா? கடைசி வரைக்கும் என்மேல அவளுக்கு அவ்ளோ மரியாதை.”

ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் கட்டிலோரம் அவள் போன் அதிர்ந்தது. திரையில் இவர் பெயர். அவன் கை நீட்டினான். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

“அந்த ஆளா? எடுக்காத. கொஞ்சம் தூங்கிக்கிறேன்.”