எர்சிலியா மைதானத்தைக் கடந்த ஞாயிறு

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் காபிக் கடையில் எல்லோரும் நின்றபடியே வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம். ஐரோப்பாவின் பணக்காரக் கால்பந்துக் கிளப்புகள் சில, இருக்கிற போட்டிகளை உதறிவிட்டுத் தனியாக ஒரு லீக் தொடங்கப் போகின்றனவாம். சேருகிறவர்களின் பெயர்களில் கடைசியாக எங்கள் பெயரும் வந்தது. வீர்துஸ். நெஞ்சில் நாரை படம் போட்ட எங்கள் வீர்துஸ்.

கடைக்காரர் அமிந்தோரே பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "நாம அவ்ளோ பெரிய ஆளாயிட்டோமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த லீக்கில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டாம். கீழேயிருந்து யாரும் ஏறி வரவும் முடியாது. எந்த ஊர் அதிகம் கொடுக்கிறதோ அந்த ஊரில் ஆட்டம். எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் கிளப்பின் முதலாளி எர்சிலியா பொன்ஃபாத்தி, தரை ஓடு தொழிற்சாலைக்காரர். அவரும் என் அக்கா நிவேசும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அக்கா இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வடக்குக் கோலுக்குப் பின்னால் நின்று கத்துகிற எங்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, நான் மேளக்காரன். எர்சிலியா கிளப்பை வாங்கியபின் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

"நாளைக்குப் பெரிய பேனரா தூக்குவோம்," என்றான் ஒருவன்.

"அவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிப்போம்," என்றான் இன்னொருவன்.

அக்கா ஜன்னல் வழியாக ஆற்றின் பக்கம் பார்த்தாள். "நாளைக்கு மூடுபனி எறங்கும்டா. பேனரும் தெரியாது, உங்க அழகான முதுகும் தெரியாது. வாயை மூடிட்டு நிப்போம். அது மட்டும் பனியிலயும் கேக்கும்."

அவள் சொன்னபடியே பனி இறங்கியது. ஆட்டம் தொடங்கும்போது எதிர்க்கோல் மங்கலாகவாவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில், ஊரை ஒட்டி ஓடும் போ என்கிற நதி எழுந்து மைதானத்துக்குள் நடந்து வந்ததுபோல வெள்ளை மட்டுமே மிஞ்சியது. பந்தை உதைக்கிற ஓசை எங்கேயோ கேட்டது. யாரோ ஒருவன் ஓடிவந்து, எங்களைக் கண்டு திகைத்து, மறுபடி வெள்ளைக்குள் போனான். நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனார். பனி விலகுமா என்று காத்திருக்கச் சொன்னார்கள்.

நாங்கள் நின்றோம். அக்கா சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மைதானம் நிறைய ஜனம், ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்தில் நிற்கிறவனின் தோள் இடிப்பதால் மட்டும்தான் அவன் இருக்கிறான் என்று தெரிந்தது. எனக்கு ஒரு கட்டத்தில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்து, மேளத்தின் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஈரமாக, குளிர்ந்த கன்னம்போல இருந்தது.

அப்போது புல்லில் காலடி கேட்டது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல், பிறகு ஒரு சாம்பல் நிறக் கோட்டு.

"யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான். எர்சிலியா."

என் பக்கத்தில் இருந்தவன் கத்த வாயெடுத்தான். அக்கா அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"வழி தப்பி வந்துட்டியா? உன் மெத்தை நாற்காலி அந்தப் பக்கம்."

"யாராச்சும் இருக்கீங்களான்னு பாக்க வந்தேன், நிவேஸ். அங்க ஒக்காந்தா ஒண்ணுமே தெரியல, ஒண்ணுமே கேக்கல. மிலான்லேர்ந்து வந்த அந்த லீக் ஆளு இருக்காரே, 'நல்லதாப் போச்சு மேடம், ஜனங்க அடங்கிட்டாங்க'ன்னு சொல்றார். எந்திரிச்சு வந்துட்டேன்."

"சத்தத்துக்கு நீ ஏன்டி கவலைப்படுற? டிவில அவங்களே சேத்துப்பாங்க."

எர்சிலியா வேலியைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் எனக்கு மிக அருகில் தெரிந்தன, முகம் தெரியவில்லை.

"வருஷா வருஷம் தொழிற்சாலைலேர்ந்து அள்ளிக் கொட்டுறேன். ஒரு நல்ல பையனை வளத்தா பெரிய கிளப்பு வந்து தூக்கிட்டுப் போறான். இதுல சேந்தா மூச்சு விடலாம்னு நெனச்சேன். என்ன தப்பு சொல்லு."

"ஒரு தப்பும் இல்ல. உன் லீக்ல நாம எப்ப கீழ போவோம்?"

"போகவே மாட்டோம்."

"அப்போ நான் எதுக்குப் பயந்து கத்தணும்? பயம் இல்லாம எனக்குத் தொண்டை தொறக்காதுடி. வேற ஊர்ல, வேற யாருக்கோ ஆடப் போறீங்க. போங்க. நாரை படத்தை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

பனி எங்கள் இமைகளில் நீராகக் கோத்தது.

"லீக்லேர்ந்து வெளிய வந்தா நல்லா ஆடுற எல்லாரையும் விக்கணும்," என்றார் எர்சிலியா. "கீழதான் போவோம். நெசமா. அப்பவும் வருவியா?"

"உன் மூஞ்சிக்காக வரமாட்டேன்."

எர்சிலியா மெல்லச் சிரித்தார். தும்மல்போல இருந்தது அந்தச் சிரிப்பு. திரும்பி நடந்தார், நின்றார். "நிவேஸ், எந்தப் பக்கம்னே தெரியலடி. எல்லாம் வெள்ளையா இருக்கு. ஏதாச்சும் சத்தம் போடேன். முதுகுக்குப் பின்னால சத்தம் இருந்தா நேராப் போயிடுவேன்."

அக்கா யோசித்தாள். சத்தமே கூடாது என்று சொன்னவள் அவள்தான். "டேய் டெல்மோ," என்றாள், "அடி."

அடித்தேன். ஒரு அடி, ஒரு இடைவெளி, இன்னொரு அடி. சாம்பல் கோட்டு கரைந்துபோனது. எதற்கு அடிக்கிறேன் என்று எங்கள் பக்கம் இருந்த சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரோ பாட ஆரம்பித்தார்கள். கிழக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, பிறகு எங்கிருந்தெல்லாமோ. முகமில்லாத அந்த வெள்ளை முழுக்கப் பாடியது. அதன் நடுவே ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

ஆட்டம் ரத்தானது. மறுநாள் எர்சிலியா கையெழுத்தை வாபஸ் வாங்கினார். லீக் ஆட்கள் வக்கீல்களோடு வந்தார்கள். அவர் ஆற்றங்கரை வீட்டை விற்று நஷ்டஈடு கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தார். கிளப்பில் பாதியை ஊர் ஜனங்களே பங்காக வாங்கிக்கொண்டோம். மற்ற கிளப்புகள் அந்த லீக்கைத் தொடங்கத்தான் செய்தன. அதன் இரவு ஆட்டங்களை அமிந்தோரே கடை டிவியில் யாராவது போட்டால் இன்னொருவர் சேனலை மாற்றிவிடுவார்.

எர்சிலியா சொன்னது பலித்தது. முன்வரிசை ஆட்டக்காரன் போனான், கோல்கீப்பர் போனான், மே மாதம் நாங்களும் கீழே போனோம். அன்றைக்கு அக்கா பேருந்துப் பணிமனையில் வண்டிக்குள் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். எர்சிலியா போன் செய்தபோது, "வெச்சிடு, பேசினா திட்டிடுவேன்," என்றாள். வைக்கவில்லை, இரண்டு பேரும்.

ஆகஸ்டில் கீழ்ப் பிரிவின் முதல் ஆட்டம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில். கோலுக்குப் பின்னால் வீடுகள், பால்கனிகளில் காய்கிற துணிகள். எர்சிலியா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் நின்றார். நிழலே இல்லை. எங்கள் புதுப் பையன் உதைத்த பந்து எகிறி ஒரு பால்கனிக்குள் விழுந்தது. ஆட்டம் நின்றது. ஒரு அம்மாள் சாவகாசமாக வெளியே வந்து, பந்து விழுந்த படுக்கை விரிப்பை உதறி மறுபடி கொடியில் போட்டு, நுனிகளை இழுத்துச் சரிசெய்தார். இருபத்திரண்டு பேரும் நடுவரும் அண்ணாந்து பார்த்தபடி பந்துக்காக வெயிலில் காத்திருந்தார்கள்.