முதல் வரியில் எழுதாத ஊர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர் பெண்ணின் கதை சொல்கிறேன். ஆறுதலான கதை இல்லை, ஆனாலும் கேளுங்கள்.

அவளுக்குக் குழந்தை மருத்துவம் படிக்க ஆசை. அந்த மேல்படிப்புக்கு இடம் கிடைக்கிற விதமே தனி. நேர்காணல்கள் முடிந்ததும், எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போக விருப்பம் என்று வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிகளும் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து ஓர் இடத்தைச் சொல்லும். சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அவர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வலது கையையும் காலையும் முடக்கிவிட்டபின், ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டிருப்பார். "பாரு, கியர் போடுறானா, கெணத்துல தண்ணி எறைக்கிறானா?" அவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிடுவதெல்லாம் அவள்தான். உள்ளூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தால் அப்படியே ஓட்டிவிடலாம். வெளியூர் என்றால் விடுதி அறை. அதில் அவருக்கு இடமில்லை.

உள்ளூருக்கோ போட்டி அதிகம். நேர்காணலில் அந்தத் துறைத் தலைவி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கூடப் படித்தவள் வேறு பயமுறுத்தினாள்.

"லூசாடி நீ? கெடைக்காததை மேல போட்டா கெடைக்கிறதும் கையை விட்டுப் போயிடும். அந்த வெளியூர் ஆஸ்பத்திரிக்காரங்க அவங்களாவே உன்னைக் கூப்பிட்டுப் பேசினாங்கல்ல, அவங்களை மேல போடு."

அப்படியெல்லாம் போகாது. மேலே போட்டது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்ததைப் பார்க்கும், நஷ்டமே இல்லை. விதிமுறையில் அதை அவளும் படித்திருந்தாள். பயம் வந்தபின் படித்தது எங்கே நிற்கிறது? ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய அந்த வெளியூரை முதலில் போட்டாள். உள்ளூரை அதற்குக் கீழே.

முதலில் போட்டதே கிடைத்தது.

சான்றிதழ் வாங்க உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வராந்தாவில் துறைத் தலைவி எதிரே வந்தார்.

"ஏம்மா, எங்களைப் பிடிக்கலையா? நாங்க உன்னைத்தானே முதல்ல போட்டிருந்தோம்."

"பிடிக்காம இல்லை மேடம். கெடைக்காதுன்னு நெனச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டிருந்தா வந்திருக்குமேம்மா."

அவள் வீட்டுக்கு வருவதற்குள் கூடப் படித்த அந்தத் தோழி வந்து செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்பாவின் கோணிய வாய் முழுக்கச் சிரிப்பு.

"ஆசைப்பட்டு மேல போட்ட ஊரே கெடைச்சிருச்சாமே! என் பொண்ணுன்னா சும்மாவா?"

"அப்பா, அது வந்து..."

"அட போம்மா. எத்தனை நாளைக்குத்தான் எனக்கே சட்டை மாட்டிட்டிருப்ப? போகணும்னு தோணுச்சு, போட்ட. தப்பில்லை."

உண்மையைச் சொன்னால், தன் பக்கத்திலேயே இருக்க நினைத்த மகள் பயத்தில் தடுமாறி இடத்தை விட்டுவிட்டாள் என்று மனசு விட்டுப்போவார். சொல்லாவிட்டால், தன்னை விட்டுப் போகவே ஆசைப்பட்டாள் என்று இருந்துவிடுவார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவருக்குச் சோறு பிசைந்தாள்.

பகலில் வந்து பார்க்க ஓர் அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு விடியற்காலையில் கிளம்பினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தார்.

"நீ போ. கதவை நான் சாத்திக்கிறேன்."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் துளையைத் தேடித் தேடி மரத்தில் உரசியது. நின்றது. மறுபடியும் உரசியது. பெட்டியைக் கீழே வைக்காமல், தாழ்ப்பாள் விழுகிற சத்தத்துக்காகத் தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில், கண்ணுகளா, கதவைச் சாத்தவும் திறக்கவும் என்றைக்கும் ஆள் இருக்கட்டும். மனசில் இருப்பதைச் சொல்லவும் கேட்கவும் ஆள் இருக்கட்டும். நல்லா இருங்கள்.