ஒரு விரற்கடை

என் தம்பியின் கையை நான் பார்த்த அளவுக்கு அவன் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள். இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். பதினோரு வருடம், இருபத்தாறு பந்தயம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த இரண்டு கையையும் மடியில் போட்டுக் கட்டியவள் நான். எந்த முட்டி கொஞ்சம் மேடு, எந்த விரல் சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிக் கோணியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நான் மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். அவன் குத்துச்சண்டையே பிழைப்பாகக் கொண்டவன். அவனுடைய முதல் பந்தயத்துக்குக் கோச்தான் கையில் கட்டுப் போட்டார். கட்டினாரா, துணியைச் சும்மா சுற்றி வைத்தாரா, கடவுளுக்கே வெளிச்சம். இரண்டாவது ரவுண்டில் கையுறைக்குள்ளேயே எல்லாம் அவிழ்ந்து, கட்டை விரல் பிசகிவிட்டது. நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

“அண்ணே, கடையில பொட்டலம் கட்டுறவங்ககூட இதவிட நல்லா கட்டுவாங்க.”

“அப்ப நீயே வந்து கட்டும்மா,” என்றார் அவர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பார்க்கிறவர்களுக்குக் கையுறைதான் தெரியும். உள்ளே இருக்கும் கட்டுதான் எலும்பைக் காப்பாற்றுகிறது. அதில் முக்கியம், விரலிடுக்கில் போகும் ஒல்லித் துணிப் பட்டைகள். மணிக்கட்டின் மேலே தொடங்கி, இரண்டு விரலுக்கு நடுவே நுழைந்து, உள்ளங்கை வழியாக மறுபடி மணிக்கட்டுக்கே வந்து முடிய வேண்டும். ஒரு கைக்கு நாலு. நீளம் அதிகமானால் சுருண்டு உறுத்தும், குறைந்தால் பிடிப்பு இருக்காது. அதனால் ஒரு நாள் அவன் கையை அளந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் கத்தியால் நாலு வெட்டுப் போட்டுவிட்டேன். மூலையிலிருந்து ஒவ்வொரு வெட்டு வரைக்கும் ஒரு பட்டையின் நீளம்.

“சாப்பிடுற மேசைய எதுக்குடி அறுக்குறே?” என்று அம்மா கத்தினாள்.

“உன் பையன் கைய அறுக்காம இருக்கத்தான்.”

ஒவ்வொரு பந்தயத்தன்றும் காலையில் அந்த வெட்டுகளை வைத்து எட்டுப் பட்டை வெட்டி, வரிசையாகப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி எடுத்துப் போவேன். பத்து வருடத்துக்கு மேல் ஒரு பட்டைகூட நூலளவு மாறியதில்லை.

கோச் அவனைக் ‘குச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அப்படியும் பந்தயத்துக்கு அறுபது கிலோவுக்குள் நிற்க அவன் படாத பாடு படுவான். அவனோடு சேர்ந்து வீடே பட்டினி கிடக்கும். அம்மா வெங்காயம் வதக்கினால்கூட மூன்று கதவைச் சாத்துவாள். கடைசி இரண்டு நாள் தண்ணீரும் கிடையாது. உச்சி வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று தலையைத் தொட்டுக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

எடை பார்க்கும் மேடையிலிருந்து அவன் இறங்கியதும் நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். முதல் மடக்கை உடனே விழுங்க மாட்டான். வாயிலேயே வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, என்னைப் பார்த்துச் சிரிப்பான். எலும்பும் தோலுமாக நிற்கிற பயலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சந்தோஷம் வருமோ. நானும் சிரித்துவிடுவேன். அவன் ஜெயித்த பந்தயங்கள் பாதி எனக்கு மறந்துபோய்விட்டன, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அதைவிட நல்ல நாட்கள் எனக்கு அப்புறம் வரவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

முப்பது வயதில் அடுத்தடுத்து இரண்டு பந்தயம் தோற்றான். பழைய கோச் முழங்கால் போய், வீட்டோடு இருந்துவிட்டார். அப்போது வந்து சேர்ந்தவர்தான், உடம்பைத் தேற்றிவிடும் கண்டிஷனிங் மாஸ்டர். பட்டினி கிடந்து எடை குறைப்பது பழைய காலத்து முட்டாள்தனமாம். உடம்பை ஏற்று, மேல் எடைப் பிரிவுக்குப் போ என்றார். குச்சி ஏழே மாதத்தில் பன்னிரண்டு கிலோ ஏறினான். இடுப்பில் மட்டும் ஒரு அங்குலமும் கூடவில்லை. கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்டன.

“முட்டை வெள்ளைக்கரு, தூக்கம், இரும்பு. வேற ஒண்ணும் இல்லக்கா,” என்றான்.

டஜன் கணக்கில் முட்டை தின்ற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் அப்படிக் கழுத்து வந்ததில்லை. அவன் முதுகில் கொப்புளம் கொப்புளமாகப் பரு இருந்தது. செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தான். கல்யாண மோதிரம் கழுத்துச் சங்கிலிக்குப் போயிருந்தது, பயிற்சிக்கு இடைஞ்சல் என்றான். வேறு யாராவது என் முன்னால் இப்படி உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே, “என்ன ஊசி போட்டுக்குறே?” என்பதுதான். தம்பியிடம் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. உண்மை அதுதான்.

புது எடையில் முதல் பந்தயம் ஒரு ஞாயிறு பிற்பகல். எதிராளியை எல்லோரும் தபால்காரர் என்பார்கள், ஏனென்றால் அவர் தபால்காரர். காலையில் கடிதம், சாயங்காலம் குத்துச்சண்டை. நடைபாதையில் என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் தன் அறைக்குப் போனார்.

கட்டுப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, முடிந்ததும் கட்டின் மேல் கையெழுத்துப் போட ஒரு அதிகாரி வருவார். அன்று அவர் பேனா எழுதவில்லை. மாஸ்டரும் மற்றவர்களும் வெளியே நின்றார்கள். வேறு பேனா தேடி அவர் போன நேரத்தில் டப்பாவைத் திறந்து முதல் பட்டையை எடுத்தேன். மணிக்கட்டில் வைத்து, விரலிடுக்கில் நுழைத்து, உள்ளங்கையில் இழுத்தேன். மணிக்கட்டுக்கு வந்து சேரவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது.

முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். கிழவியாகிவிட்டேன், வெட்டு மாறி வெட்டிவிட்டேன் என்று. இரண்டாவதை எடுத்தேன். அதுவும் ஒரு விரற்கடை குறைந்தது. மூன்றாவது, நாலாவது, எல்லாம் அப்படியே.

“தப்பா வெட்டிட்டேக்கா,” என்றான்.

“பத்து வருஷமா வெட்டாத தப்பா?”

“உடம்பு ஏறியிருக்குல்ல? கையும் ஏறும்.”

“தோளு ஏறும், தொடை ஏறும். விரலிடுக்குல என்னடா சதை இருக்கு ஏறுறதுக்கு? அங்க எலும்பும் தோலும்தான். எலும்பு எப்படிடா முப்பது வயசுல வளருது?”

“மருந்து டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு.”

“டெஸ்ட்ட யார் கேட்டா? நான் உன்னக் கேக்குறேன்.”

அவன் எப்போதும் போல இரண்டு கையையும் என் மடியில் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான். கதவு திறந்தது. அதிகாரி புதுப் பேனாவோடு வந்தார். பாதிக் கட்டில் நின்ற பட்டைகளைப் பார்த்து, “என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குப் பந்தயம் நின்றிருக்கும். தம்பியின் பிழைப்பும் நின்றிருக்கும்.

“கத்திரி சரியில்ல சார்,” என்றேன். “வேற வெட்டிக்கிறேன்.”

புதுத் துணி ரோலைப் பிரித்து எட்டுப் பட்டையும் ஒரு விரற்கடை கூட்டி வெட்டினேன். கட்டினேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாகக் கட்டியதில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

நாலாவது ரவுண்டில் தபால்காரர் விழுந்தார். கூட்டம் குச்சியைத் தோளில் தூக்கியது. நான் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் என் அறைக்கே வந்தார். வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, கட்டு மாற்ற வேண்டும். பழைய கட்டின் நுனி எது என்று தெரியாமல் இரண்டு தடவை தேடினேன். அவர் அதைக் கவனித்து, எனக்கு ஆறுதல் சொல்வது போலப் பேசினார்.

“உங்க தம்பி கை என்னா கைக்கா! இரும்பு. நாலு ரவுண்டு வாங்கினேன், ஒரு அடியிலகூட முட்டி நகரல. நல்லா கட்டியிருந்தீங்க.”

“கண்ணு எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“வெளிச்சம் தெரியுது. விலாசம்தான் படிக்க முடியல. உள்ளுக்குள்ள உக்காந்து முத்திரை குத்துற வேலை குடுத்திருக்காங்க. அதுவும் குத்துறதுதானே,” என்று சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

அடுத்த பந்தயத்துக்குத் தம்பி கூப்பிட வந்தான். மேசையைக் காட்டினேன்.

“இந்த அளவுக்குக் கை வரட்டும். கட்டுறேன்.”

“நீ இல்லன்னா ஊர்ல ஆளே இல்லையா?” என்று கதவை அறைந்துவிட்டுப் போனான். ஆள் இருந்தார்கள். நாலு வருடம் வேறு யாரோ கட்டினார்கள். எந்த டெஸ்டிலும் அவன் மாட்டவில்லை. அம்மாவின் காரியத்துக்கு வந்தபோதுகூட என்னிடம் பேசவில்லை. அப்புறம் இதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்ல, விளையாட்டை விட்டுவிட்டான். அதுவும் அவன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் தனியாக வந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. மறுபடி குச்சியாகிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் பிறகும் அந்த மேசை அதே இடத்தில்தான் கிடந்தது. டீயை வைத்தேன், அதன் முன்னால் உட்கார்ந்தான்.

“தபால்காரர் கண்ணு எப்படிக்கா இருக்கு?”

“அப்படியேதான். முத்திரை குத்துறார்.”

டீ ஆறும் வரைக்கும் அவன் பெருவிரலால் விளிம்பில் இருந்த வெட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, “டப்பா இருக்கா?” என்று கேட்டான்.

எடுத்து வந்து கொடுத்தேன். அன்றைக்கு வெட்டிய பழைய எட்டுப் பட்டையும் மஞ்சள் பூத்து அதிலேயே கிடந்தன. ஒன்றை எடுத்து மணிக்கட்டில் வைத்து, இடுக்கில் நுழைத்து, உள்ளங்கையில் இழுத்தான். கையை ஒடுக்கிப் பார்த்தான். விரலைச் சேர்த்துவைத்து மறுபடி இழுத்தான்.

“இன்னும் ஒரு விரக்கடை இருக்குக்கா,” என்றான்.

நாலு வருடத்துக்கு மேலாக இதைத்தான் அவன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தேன். என்ன போட்டான், யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சதை கரையும், நீர் வடியும், வளர்ந்த எலும்பு திரும்பாது. இத்தனை வருட நர்ஸுக்கு இது தெரியாதா? அவனுக்கும் யாராவது டாக்டர் சொல்லித்தான் இருப்பார். ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கத்திரிதான்டா சரியில்ல,” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி என் மடியில் வைத்தான்.