அரிசி வாளிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன மாதம் வீட்டு மூலையில் கிடந்த ஒரு பழைய கணினிக்கு உயிர் கொடுக்கலாம் என்று விண்டோஸ் சீடியைப் போட்டேன். நீலத் திரை வந்தது. உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதையும் காணவில்லை, வெளியேற F3 ஐ அழுத்துங்கள் என்றது. டிஸ்க் உள்ளே சுற்றுகிறது. சத்தம் காதில் விழுகிறது. கை வைத்தால் சுடுகிறது. ஆனாலும் காணவில்லையாம்! வெளியே போ என்பதைத் தவிர அதற்கு வேறு வழி சொல்லவும் தெரியாது.

எனக்கு வந்த கோபம் ஒரு பழைய இயந்திரத்தின் மேல் வரக்கூடிய அளவானதல்ல. அது 2008ஆம் ஆண்டுக் கோபம். அதே நீலத் திரையை அந்த வருடம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் பார்த்திருக்கிறேன். இத்தனை காலமும் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘மகாவலியின் மேல் பனி படர்ந்திருந்த ஒரு காலையில் தவமணி…’

வெட்டிவிட்டேன். கண்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பனியும் ஆறும் கூப்பிடாமலே வந்து நிற்கின்றன. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாவது: ‘யுத்தம் என்பது…’

அதையும் வெட்டினேன். அப்படித் தொடங்குகிறவர்கள் முடிக்கிற வரைக்கும் ஒரு மனிதரையும் உள்ளே விடமாட்டார்கள்.

மூன்றாவது, இருக்கட்டும்: தவமணி கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒரு கணினிப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரி. கண்டியில் கணக்கு டியூஷன் கொடுக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி. அவர் பதினொரு நாளாகப் பொலிஸ் தடுப்பில் இருந்தார். வியாழக்கிழமைக்குள் இந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டால் அவரைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று புதன்கிழமை.

3

அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. செய்தது தவமணி.

வடக்கிலிருந்து வந்து கண்டியில் வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கு அந்த வருடங்களில் ஒரு பழக்கம் இருந்தது. சுற்றிவளைப்பு, வீட்டுச் சோதனை என்று காதில் பட்டால் போதும், வீட்டைச் சலித்துவிடுவார்கள். கடிதங்கள், அல்பம், பாட்டுக் கசெட், ஊர்ப் பெயர் போட்ட கல்யாணக் கார்ட் எல்லாம் அடுப்புக்கோ கூரைக்கோ போகும். அவற்றில் குற்றம் இருந்ததால் அல்ல. எது குற்றம் என்பதைப் பார்க்கிறவன்தான் தீர்மானிப்பான் என்பதால்.

தவமணி ஒரு படி மேலே போனாள். கணவர் கிணற்றடியில் நின்ற நேரம், கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை உருவி, பொலித்தீன் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள். அதில் இருந்தவை அட்சரகணித வினாத்தாள்கள். தமக்கை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுப் படங்கள். அவ்வளவுதான்.*

சோதனைக்கு வந்த பொலிசார் கணினியைப் போட்டுப் பார்த்தார்கள். டிஸ்க் இல்லை. எங்கே என்று கேட்டார்கள். “எனக்குத் தெரியாது” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவருக்கு உண்மையாகவே தெரியாது. அந்த உண்மைதான் அவரை ஜீப்பில் ஏற்றியது. வினாத்தாள் உள்ள டிஸ்க்கோடு கணினி இருந்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். டிஸ்க் இல்லாத கணினியை யார் நம்புவார்? தவமணி குசினிக்கு ஓடி, அரிசியைக் கொட்டி, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஜீப் சந்தி திரும்பிவிட்டது.

[ஜீப்பின் புகையைப் பற்றி இங்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தன. அவளுக்கு முன்னால் நன்றாக எழுதுவது வெட்கக்கேடு என்று எடுத்துவிட்டேன்.]

அவள் டிஸ்க்கையும் கணினிப் பெட்டியையும் பொலிசுக்குக் கொண்டுபோனாள். அங்கே கணினி தெரிந்தவர் என்று ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: விண்டோஸ் சீடியைப் போடுவது. போட்டார். நீலத் திரை. டிஸ்க்கைக் காணவில்லை. உடைத்துவிட்டுக் கொண்டு வந்திருக்கிறாய் என்று அவளையே அதட்டி, திருத்திக்கொண்டு வா என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒளித்தால் குற்றம், கொண்டுவந்தாலும் குற்றம் என்றால் ஒரு பெண் என்னதான் செய்வது? இதைக் கேட்க ஒரு நாதி இல்லை!

* இந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை நான் சத்தியம் செய்து எழுதலாம். ஏன் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

4

கணினி திருத்தும் முஹ்ஸினின் கடை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து டிஸ்க்கின் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

“மிஸ், இத யாரு கழட்டின?”

“நான்தான் தம்பி. அரிசி வாளிக்குள்ள வச்சனான்.”

“பின்னுக்கு சின்னதா ஒரு கறுப்புக் கிளிப் இருந்தீக்கும். ஜம்பர்னு சொல்ற. அது எங்க?”

“ஏதோ கழண்டு விழுந்தது. பிறகு காணேல்லை. முழு அரிசியையும் சுளகில போட்டுப் புடைச்சுப் பாத்திட்டன் தம்பி.”

முஹ்ஸின் சிரிக்கவில்லை. “எங்கட்ட ஒரு டப்பி நெறய ஈக்கிது” என்றார்.

அவர் விளங்கப்படுத்தினார். கணினி பழசு. டிஸ்க் பிறகு வாங்கிப் போட்டது, பெரியது. அவ்வளவு பெரிய டிஸ்க்கை கணினிக்குள் இருக்கும் அந்தப் பழைய மதர்போர்டுக்குக் காணத் தெரியாது. அந்தக் கிளிப்பைக் குத்தினால் டிஸ்க் தன்னைச் சின்னதாகக் காட்டிக்கொள்ளும், போர்டும் ஏற்றுக்கொள்ளும்.

[இந்த இடத்தில் உவமைக்கு ஆசை வருகிறது. மனிதர்களும் தங்களைச் சின்னதாகக் காட்டிக்கொண்டால்தான்… வேண்டாம். முஹ்ஸினுக்கு அது வெறும் கிளிப். தவமணிக்கு அது கணவர்.]

கிளிப்பைக் குத்தி, கணினியைப் போட்டார். பொலிசில் போட்ட சீடி இன்னும் உள்ளேயே இருந்தது. நீலத் திரை வந்தது. இந்த முறை டிஸ்க் தெரிந்தது. இதில் நிறுவ Enter ஐ அழுத்துங்கள் என்றது.

“வந்திட்டுது! அமத்துங்கோ தம்பி, அமத்துங்கோ!”

“அல்லாவே, கைய எடுங்க மிஸ்! அமத்திட்டுப் போனா உள்ள ஈக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்.”

தவமணி கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொலிசில் டிஸ்க் தெரிந்திருந்தால் அந்த ஆள் அழுத்தியிருப்பார். கணவர் குற்றமற்றவர் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியை அவர்களே துடைத்துவிட்டு, பிறகு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

முஹ்ஸின் சீடியை வெளியே எடுத்தார். பழைய விண்டோஸ் உள்ளேயே இருந்தது. இரண்டு நிமிடத்தில் திறந்தது. வினாத்தாள்கள் வரிசையாக, திகதிகளோடு. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கடைசியில் தாவணி கட்டிய ஒரு பிள்ளை, தலை நிறையப் பூவோடு சிரித்தது.

“ஓம்” என்றாள் தவமணி. “ஓம், இதுதான்.” அப்போதுதான் அழுதாள்.

5

கடையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பிரின்டர் திருத்த வந்து தவமணி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், கண்டி மாவட்டத்துக் கம்பளையைச் சேர்ந்த தமிழ் வாத்தியார். முந்திய பிரதிகளில் அவரை இரண்டு முறை அடித்து நீக்கினேன். கதைக்குத் தேவையில்லாத பாத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் தேவைப்பட்டார், தவமணிக்குத்தான் தேவைப்பட்டார்.

தவமணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். டிஸ்க்கைத் திறக்கும்போது கூட இருந்த ஒருவர் ஒப்பமிட வேண்டும் என்று பொலிசில் கொடுத்தது. திருத்துகிறவரின் கையொப்பம் செல்லாது. கண்டி மாவட்டத்தில் நிரந்தர விலாசம் உள்ள வேறு ஆள் வேண்டும்.

“மாஸ்டர், நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே” என்றார் முஹ்ஸின். “பேரும் ஐடென்டி நம்பரும் போட்டாப் போதும்.”

வாத்தியார் தாளை வாங்கினார், வாசித்தார். தன் பெயர் ஒரு பொலிஸ் கோப்புக்குள் போவதை நினைத்தார். மனைவியை நினைத்தார், வேலை மாற்றலை நினைத்தார். பிறகு, “பஸ் வந்திருச்சு, நாளைக்கு வந்து போடுறேங்க” என்றார். அடுத்த நாள் வியாழக்கிழமை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிரின்டரைக்கூட எடுக்காமல் படியிறங்கினார்.

அவர் நான்தான். பொலிசைத் திட்டினேன், போர்டைத் திட்டினேன், கணினி தெரியாதவனைத் திட்டினேன். ஒரு கையொப்பத்துக்கு எனக்கு என்ன கேடு வந்தது?

6

முடிவு ஒன்று: வேறு யாரோ ஒப்பமிட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராசா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து குளித்தார்.

முடிவு இரண்டு: யாரும் வரவில்லை. பெட்டியும் டிஸ்க்கும் சாட்சியில்லாமல் போய், திகதியை யாரும் மாற்றலாம் என்று ஓர் அதிகாரி சொல்லி…

இதற்கு மேல் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. நான் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவேயில்லை. ஓடிப்போனவனுக்கு முடிவு எழுதும் உரிமை கிடையாது, நல்ல முடிவும் சரி, கெட்ட முடிவும் சரி.

ஆனால் நீங்கள் இன்னும் கடையில்தான் இருக்கிறீர்கள். வினாத்தாள்களைப் பார்த்தீர்கள். எதுவும் அழிக்கப்படவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முஹ்ஸின் மேசையைத் துடைத்துத் தாளை வைக்கிறார்.

மேற்படி கணினி எனது முன்னிலையில் திறக்கப்பட்டது.

பெயர்: ……………………

அடையாள அட்டை இலக்கம்: ……………………

கையொப்பம்: ……………………

தவமணி பேனாவை நீட்டுகிறாள்.

“நீங்கள் எல்லாத்தையும் பாத்தனீங்கள்தானே?”